மறுபக்கம்

கச்சேரிக்குப் போகும் ஒழுங்கையில்
போட்டோக்கொப்பிக் கடை.
பிழைத்துப்போன தாள்களை
எறியச் சொல்வார் முதலாளி.
நான் எறிவதில்லை.
யாரோ ஒருவரின் காணி உறுதி,
மை இழுபட்ட பிறப்புப் பத்திரம்,
மறுபக்கம் வெள்ளை.
அதில்தான் எழுதுகிறேன்
பூனையின் மாதச் செலவை.

காரல், அரைக் கிலோ, இருநூற்றிருபது.
கோழி ஈரல், கிழமைக்கு ஒருதரம், நூறு.
முட்டை மூன்று. மஞ்சள் கரு அதற்கு,
வெள்ளை எனக்கு.

மிச்சம் என்று பெயர்.
மழைக்கு ஒதுங்கிய மூன்று குட்டிகளில்
இரண்டை ஆட்கள் கொண்டுபோனார்கள்.

உவர்மலையில் மிருக வைத்தியர் சொன்னார்:
சோறு வயிற்றைத்தான் நிரப்பும்.
உப்பு வேண்டாம், வெங்காயம் கூடவே கூடாது,
கேட்டாலும் பால் வைக்காதே.
பிறகு ஒரு பைக்கற்றைக் காட்டினார்.
விலையை இரண்டுதரம் வாசித்தேன்,
சைபர் ஒன்று கூடிவிட்டதோ என்று.

கோட்டை மான்கள்
பஸ் நிலையத்தில் வாழைத்தோலும் டிக்கட்டும் தின்று
கொழுத்துத் திரிகின்றன.
இது அந்தச் சாதி இல்லை.

ஆகவே அடுப்பில் ஒழுங்கு மாறியது.
முதலில் வெறுந்தண்ணீரில் மீன் அவியும்.
காரல் என்றால் முழுக்க முள்.
கரண்ட் போன இரவுகளில்
கண்ணைவிட விரல் நம்பிக்கையானது.
அதன் பங்கு ஆறியபிறகுதான்
சட்டியில் புளி, தூள், தேங்காய்ப்பால்.
சதை அங்கே. தலையும் குழம்பும் இங்கே.

"மனிசருக்கே வழியில்லை,
உனக்கு இதொரு கேடா?"
என்றாள் பக்கத்து அறை கமலவேணி.
பதில் இருந்தது.
ஆனால் மாதக் கடைசியில்
கைமாற்று வாங்குவதும் அவளிடம்தான்.

ஐப்பசியில் வாடை பிடித்தது.
டச்பே கரையில் வள்ளங்களை
இழுத்தேற்றிக் கவிழ்த்துவிட்டார்கள்.
காரலுக்கு இரட்டை விலை, அதுவும் இருந்தால்.
கருவாட்டை மூன்று தண்ணீரில் ஊறவைத்தேன்.
மோந்து பார்த்தது.
சீமெந்துத் தரையைப் பிறாண்டிப் பிறாண்டி
இல்லாத மண்ணால் மூடிவிட்டுப் போனது.
சோயாமீற்றுக்கும் அதே அடக்கம்.

சந்தையில் எமிலியாம்பிள்ளை அண்ணையிடம்
சூரைத் தலை இருக்கோ என்று
ஐந்தாம் நாளும் போய் நின்றேன்.
தலையோடு
ஒரு துண்டுச் சதையும் சுற்றித் தந்தார்.
"பிள்ளைக்கு அவிச்சுக் குடுங்கோ தங்கச்சி."

எந்தப் பிள்ளை?
வாயைத் திறந்தேன்.
பின்னால் சனம். மேலே மழை.

"எத்தினை வயசு?"
"ரெண்டு."
பொய் இல்லை.
"வடிவாச் சாப்பிடுமோ?"
"முள் இல்லாட்டிச் சாப்பிடும்."
அதுவும் பொய் இல்லை.

அன்றிரவு மிச்சம்
தொண்டைக்குள் உறுமியபடி தின்றது,
யாரோ பறிக்க வருவதுபோல.
நான் குழம்பை மூடி வைத்துவிட்டு
வெறும் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்தேன்.
மறுநாளும் சந்தைக்குப் போனேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாசியில் கடல் படுத்தது.
வள்ளத்தின் பதிவுப் புத்தகத்தோடு
அண்ணை கடைக்கு வந்தார்.
பதினொரு பக்கம்.
முதலாளி இல்லாத நேரம்.
காசு வேண்டாமென்றேன்.
எச்சில் தொட்டு எண்ணியவர்
ஒன்று கூட இருக்கே என்று
கடைசித் தாளைத் திருப்பினார்.

யாருடையதோ கலியாணப் பதிவின் முதுகில்
என் கையெழுத்து:
மிச்சம், பூனை, ஐப்பசி.
காரல் இல்லை.
முட்டை இரண்டு.
சூரைச் சதை, எமிலியாம்பிள்ளை அண்ணை, சும்மா.
அதன் கீழ் அதே வரி,
ஏழு தரம்.

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.
மெசின் சூட்டை ஊதிக்கொண்டிருந்தது.
நான் ஸ்டேப்ளரைத் திறந்து மூடினேன்,
திறந்து மூடினேன்.

தாளை நாலாய் மடித்துச்
சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"கடுவனோ?"

"பெட்டை."

"அப்ப இனி ஒரு தலை காணாது,"
என்றபடி
சைக்கிள் ஸ்ராண்டை உதைத்தார்.