பதினொரு விசில்

சிக்கந்தர் பாய் கடையில்
நாலு கால் ஒரு செட்டு.
ரெண்டு போதும் என்றால் சிரிப்பார்:
ஆட்டை நொண்டியாக்காதீங்க தையல்காரரே,
நாலையும் எடுத்துட்டுப் போங்க.

வாட்டிச் சுரண்டிய கால்கள்தான்.
ஆனாலும் குளம்பிடுக்கில் ஒன்றிரண்டு முடி நிற்கும்.
ரவிக்கையில் பிசிறு தேடும் கண்ணுக்கு அது தப்பாது.
பிளேடால் மழித்து, மஞ்சள் பூசி,
மூன்று தண்ணீரில் அலசினேன்.

வேலுத்தாய் விடியுமுன் ஜீப்பேறிப் போனாள்.
கம்பம்மெட்டு தாண்டி, கேரளத்துக்குள்,
ஆடிச் சாரலில் ஏலச்செடியின் தூரில்
நாளெல்லாம் குனிந்திருப்பாள்.
சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துப் பூசினாலும்
அட்டைக்கு அவள் கெண்டைக்கால்தான் இஷ்டம்.
திரும்பும்போது பாதம் இரண்டும்
ஊறப்போட்ட பச்சரிசியாய் வெளுத்திருக்கும்.

அதற்காகத்தான் சூப்பு என்று
ஒருநாளும் நான் சொன்னதில்லை.
கால் மலிவு. அவ்வளவுதான்.

சின்ன வெங்காயம் ஒரு கை,
தோலோடு நசுக்கிய பூண்டு, இஞ்சி ஒரு கணு,
மல்லியும் சீரகமும் வெறும் சட்டியில் கறுக்காமல்.
மிளகு மட்டும் மலையிலிருந்து,
தை மாதம் முந்தானை முடிச்சில் வந்தது.
உதிர்ந்து கிடந்ததுதான் என்றாள்.
உதிர்ந்ததற்கு இவ்வளவு காரம் இருக்காது.

மாடியில் தமயந்தி அக்கா விசில் எண்ணுவார்.
யார் வீட்டில் எதற்கு எத்தனை என்று
தெருவின் பருப்பும் கறியும் அவருக்கு மனப்பாடம்.
எட்டு, என்று படியில் குரல் இறங்கியது.
ஏழுதான்க்கா.
எட்டு. நீ மிஷின் மிதிச்சுக்கிட்டிருந்தே.
பதினொன்றில் அடுப்பை அணைத்தேன்.
இன்னொண்ணு விடு, எலும்பு இளகாது என்றார்.
விடவில்லை.

ஆறு மணி. ஜீப் வரவில்லை.
ஏழு. ஆறிய சூப்பின் மேல் கொழுப்பு ஏடு கட்டியது.
சூடாக்கினேன், அரை டம்ளர் தண்ணீர் விட்டேன்.
எட்டே கால். அவளுக்குப் போன் போட்டால்
மலையாளத்தில் ஒரு பெண்
ரொம்பப் பணிவாக ஏதோ சொல்கிறாள்.
மறுபடி தண்ணீர்.
ஒன்பது மணிக்குச் சேதி வந்தது:
கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்திருக்கிறது.
ஜீப்புக்கு முன்னால் என்றார் ஒருவர்.
ஜீப் மேல் என்றார் இன்னொருவர்.
உப்புப் பார்த்தேன், நாக்கு ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு
இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேன்,
மறுநாள்தான் தெரிந்தது.

பத்தரைக்குச் சந்துக்குள் வெளிச்சம் திரும்பியது.
குருவராஜின் ஜீப். முன்கண்ணாடி முழுக்க இலை.
கொத்தும் அரிவாளுமாக
இவர்களே கிளை கழித்து வழி விட்டார்களாம்.
வேலுத்தாய் இறங்கினாள்.
இறங்கித் திரும்பி, எல்லாரும் வாங்க,
சூடா ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க என்றாள்.

பதிமூன்று பெண்கள்.
நனைந்த சாக்குக் கொங்காணி, புகையிலை வாடை,
ஒருத்தி காதோரம் இன்னும் விடாத அட்டை.
டம்ளர் ஆறு. கிண்ணம் நாலு.
சொம்பு ஒன்று. டிபன் பாக்ஸ் மூடி இரண்டு.
தண்ணீர் விட்டேன், மிளகு தட்டிப் போட்டேன்,
தண்ணீர் விட்டேன்.
சூப்புக்கும் ரசத்துக்கும் நடுவில்
எங்கேயோ நின்றது அது.
ஒச்சம்மா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள்:
தம்பி, ஆடு இதுல நீந்திக் கடந்து போயிருக்கு.
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.
குருவராஜ் மட்டும் கேள்வி கேட்காமல்
ரெண்டாவது டம்ளருக்கு நீட்டினான்.

எல்லாரும் போன பிறகு
அடியில் எலும்புகள் மட்டும்.
வேலுத்தாய் வாசற்படியில் உட்கார்ந்து
வெளுத்த கால்களை நீட்டிக்கொண்டு
ஒன்றை எடுத்து ஊதினாள், உறிஞ்சினாள்.
வரவில்லை.
வட்டிலில் ஓங்கி ஒரு தட்டு.
ணங்.

மாடியில், தூக்கத்துக்குள்ளிருந்து:
பன்னெண்டு.