பதில் டீச்சர்

எப்சிபா டீச்சர் வராத ஞாயிற்றுக்கு
என் பெயர் இருக்கிறது
வெஸ்ட்ரி கதவின் உள்பக்கம், பென்சிலில்.
மூன்று வருடமாக
அவர் வராமல் இருந்ததில்லை.

மூன்று வருடமாக நானும்
சனிக்கிழமை ராத்திரி கம்பம் இறங்கி வந்து
இடுப்பு பெல்ட்டையும் ரப்பர் கையுறையையும்
ஆணியில் மாட்டிவிட்டு
சோறு ஆறும்வரை பாடம் படிக்கிறேன்.
சத்தமாய்.
சுவரில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதுபோல.

இந்த வாரம் நூறு ஆடு கதை.
பழைய ஸ்வெட்டரை வெட்டிப் பதினோரு ஆடு செய்தேன்.
மீதி எண்பத்தொன்பதை
பிள்ளைகள் நினைத்துக்கொள்ளட்டும் என்று
நோட்டில் ஒரு குறிப்பு.

'கூப்பிடாத கல்யாணத்துக்கு
மொய் எழுதி வைக்கிற ஆளு நீங்க'
என்றாள் பியூலா.
ஏணி வண்டியிலேயேதான் கிடக்கிறது, பியூலா.
எந்த சில்வர் ஓக் எப்போது கம்பிமேல் சாயும் என்று
மரமா போன் பண்ணும்?

ஒவ்வொரு ஞாயிறும் கடைசி பெஞ்சில் இருப்பேன்.
எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம்,
வாசலில் குடை உதறும் சத்தம்.
பையைக் காலால் உள்ளே தள்ளிக்கொள்வேன்.
அது ஏமாற்றமா நிம்மதியா என்று
என்னை நான் கேட்டதில்லை.

இன்று ஏழு நாற்பதுக்கு போன்.
'தம்பி, வாசல்ல கரடி.
குட்டியோட பிளம்ஸ் மரத்தடியில இருக்கு.
பாரஸ்ட்டுக்காரங்க வர்றவரைக்கும்
கதவைத் திறக்கக் கூடாதாம்.
நீ பார்த்துக்கோ.'

மெழுகுவர்த்திப் பெட்டி அடுக்கிய அறை.
ஏழு குல்லாய்.
ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.
கட்டபெட்டு மஞ்சு ஜன்னலேறி உள்ளே வந்து
எட்டாவதாய் உட்கார்ந்தது.

பலகையெல்லாம் ஈரம்.
ஒட்டிய ஆடு ஒவ்வொன்றாய் விழுந்தது.
'கரண்ட் அங்கிள்,
உங்க ஆடு எல்லாமே காணாமப் போகுது'
என்றான் கெர்சோம்.
எல்லாரும் சிரித்தார்கள்.
தூங்கியது விழித்து, சிரித்து,
மறுபடி தூங்கிப்போனது.

எப்படியோ
மேய்ப்பனைப் பள்ளத்தில் இறக்கி
ஆட்டைத் தோளில் ஏற்றி
மூச்சு வாங்கும்போது
அக்சா கை தூக்கினாள்.
'அவர் ஒண்ணைத் தேடிப் போயிட்டா
தொண்ணூத்தொம்பதை யாரு பார்த்துக்கிட்டா?
கரடி வராதா?'

நோட்டில் பதினான்கு கேள்வி,
பதினான்கு பதில்.
இது அதில் இல்லை.
'டீச்சர் வரட்டும், கேளு' என்றேன்.
'நீங்கதானே பதில் டீச்சர்.
பதில் சொல்லுங்க.'

கம்பி உயிரோடு இருக்கிறதா என்று
புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள் அந்தக் காலத்து ஆட்கள்;
உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும்.
அப்படித்தான் தொட்டேன் அவள் கேள்வியை.
கரண்ட் இருந்தது.

'ஒரு ஆள் இருந்திருப்பான்.'
நான்தான் சொன்னேனா?
'கம்பை ஊன்றிக்கொண்டு, மழையில்,
எண்ணினதையே திரும்ப எண்ணிக்கொண்டு.
அவன் இருக்கிற தைரியத்தில்தான்
இவர் போயிருப்பார்.'

'அவன் பேரு?'
'எழுதலை.'
'கரடி வந்துச்சா?'
'அதுவும் எழுதலை.'
'அவனுக்குப் பயமா இருந்திருக்குமா?'
'இருந்திருக்கும்' என்றேன்.
இதற்கு மட்டும்
யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மணி அடித்தது.
பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கவே மறந்திருந்தேன்;
அவர்கள் மறக்கவில்லை.
அறை காலியானதும் குனிந்து பொறுக்கினேன்.
பத்து ஆடு.
பெஞ்சுக்கடியில் இல்லை, பெட்டிக்குப் பின்னால் இல்லை.
படியிறங்கிப் போகிற கெர்சோமின்
ஒரு பாக்கெட் மட்டும் புடைத்திருந்தது.
கூப்பிடவில்லை.

கரடி போய்விட்டதாம்.
அடுத்த ஞாயிறு டீச்சர் வந்துவிடுவார்.
அதற்குள்,
பியூலாவுக்குத் தெரியாமல்,
வெட்டுவதற்கு இன்னொரு ஸ்வெட்டர்
பார்க்க வேண்டும்.