ஒன்று தசம் ஆறு

சுண்டிக்குளியில், பிறக்கிராசியார் வீட்டுக் கொட்டிலுக்குள்
நாலு சீமெந்துக் கல்லின்மேல் இருந்தது கார்.
சில்லு இல்லை.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆரோ கழற்றி
தள்ளுவண்டிக்குப் பூட்டிக்கொண்டு
சாவகச்சேரிப் பக்கம் போனார்களாம்.
"நல்ல விசயத்துக்குத்தானே" என்றா மருமகள்,
விலையில் ஒரு சதமும் குறைக்காமல்.

எம்.ஜி. மிட்ஜெற். இரண்டே இருக்கை.
நான் பல் வைத்தியர், தனிய இருக்கிறவள்.
மற்ற இருக்கை ஆருக்கு என்றாள் தங்கச்சி.
கைப்பை வைக்க, என்றேன்.

எஞ்சின் நாலு மாதத்தில் எழும்பிவிட்டது.
சில்லுக்குப் பதினொரு மாதம்.
நோயாளி வாய் கொப்பளிக்கிற இடைவெளியிலும்
போனில் சில்லுப் படங்கள்.

முதலில் கம்பிச் சில்லு.
அறுபது கம்பி, நடுவில் காது வைத்த குரோம் நட்டு,
செப்புச் சுத்தியலால் அடித்து இறுக்குவது.
அழகு என்றால் அதுதான்; மறுக்கவில்லை.
பார்வைக்கு ஒன்று நீர்கொழும்பிலிருந்து லொறியில் வந்தது.
கொக்குவில் கராஜில் மரியசீலன் அதை மடியில் வைத்து
தேத்தண்ணிக் கரண்டியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான்.
டிங். டிங். டிங்.
டொக்.
"இது செத்துப்போச்சு."
அவன் சொல்லமுன் எனக்கும் கேட்டது.
கண்ணாடிப் பிடியால் தட்டும்போது
ஆடத் தொடங்கிய பல்லும் இப்படித்தான் சொல்லும்.
ஒன்பது டொக். அதோடு
அச்சுத்தலையையும் மாற்றவேணும்,
பண்ணைக் காற்றின் உப்பை மாதம் ஒருக்கா
அறுபதிலும் துடைக்கவேணும்.
"கலியாணத்துக்கும் கேப்பினம்," என்றாள் தங்கச்சி,
"தோழியை எங்க இருத்துறது?"

பிறகு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் அலோய், ஒரு செற்.
பதின்மூன்று அங்குலம், நாலு துளை, நல்ல மலிவு.
துளைவட்டம் நூறு மில்லிமீற்றர்.
என்னுடையது நூற்றொன்று தசம் ஆறு.
"போட்டால் இருக்கும் மிஸ். எல்லாரும் போடுறவை."

போட்டோம். இருந்தது.
நாலு நட்டும் இறுகின.
காங்கேசன்துறை வீதியில் அறுபதைத் தொடமுன்
ஸ்ரேரிங் கைக்குள் நடுங்கியது,
முதன்முதல் பொய் சொல்கிற பிள்ளையின் குரல்போல.

மரியசீலன் கழற்றிக் காட்டினான்:
போல்ட்டுகள் ஒரு பக்கம் தின்னப்பட்டு
வெளியே சாயத் தொடங்கியிருந்தன.
ஒன்று தசம் ஆறு.
கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட மூடி
இந்த அளவு உயர்ந்து நின்றால்
மனிசர் சோறு தின்னார்.
இரவிரவாகத் தாடை நோகும்,
விடிய என் கேற்றடியில் வந்து நிற்பார்.
இதில் பத்தில் ஒரு பங்கே போதும்
நாக்குக்குத் தெரிய.
எனக்கு இது தெரியும். இருபது வருசத் தொழில்.
தெரிந்துகொண்டுதான் விலையைப் பார்த்தேன்.

(அந்த நாலும் இப்போது
கராஜ்த் தகரம் பறக்காமல் கூரையில் இருக்கின்றன.
அந்த வேலைக்கு அளவு சரி.)

பண்டாரவளையில் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் ஒருவர்
எட்டுக்கை அலோய், சாம்பல் நிறம்,
சரியான வட்டம், கூடின விலை.
ஒன்றின் விளிம்பில் ஒட்டிய தழும்பு.
நான் கேட்கவில்லை. அவராகவே
வெயிலில் பிடித்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து
தழும்பை மட்டும் மூன்று படம் அனுப்பியிருந்தார்.
அதற்காகத்தான் வாங்கினேன்.
நிறத்துக்காகவும்.

ஞாயிறு காலை ஆறு மணி, பண்ணை வீதி.
இரண்டு பக்கமும் கடல் கணுக்கால் ஆழத்தில்,
களங்கட்டித் தடிகளில் நீர்க்காகம்.
கைப்பை வீட்டில்.
மற்ற இருக்கையில் மரியசீலன்
முழங்கால் நெஞ்சில் முட்ட,
சட்டைப் பைக்குள் கரண்டியோடு.
அறுபது. அறுபத்தைந்து.
ஸ்ரேரிங்கில் இருந்து கையை எடுத்தேன், ஒரு நொடி.
நேராகப் போனது.

அவன் மெச்சவில்லை. தலையைச் சரித்து
காதைக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தான்.
"பின்னுக்கு, இடப்பக்கம், என்னவோ கேக்குது"
என்றான் வேலணை தெரியத் தொடங்கும்போது.
எனக்கும் கேட்டது.
இன்னும் கொஞ்சம் அமத்தினேன்.