குலுக்கு

கைபேசியின் திரை உடைந்தது செவ்வாய்க்கிழமை.
வியாழனுக்குள் என் பாலம் நிற்க வேண்டும்:
இருபத்து நான்கு மீட்டர், மரம், நடப்பவர்களுக்கு மட்டும்.
விழுந்தால் விழுந்ததையும் வரைந்து கொண்டு வா
என்றிருந்தார் மாலைக் கல்லூரியில் சான்வேசா.

வால்டிவியாவில் ஜூன் மாதம். மழை
யாரையும் கேட்டுவிட்டுப் பெய்வதில்லை.
மரக்கிடங்கின் இரவுக் காவலுக்கு
எனக்கோர் அறை, ஒரு விறகடுப்பு,
முதலாளி ஒத்மாரின் கணக்குக் கணினி.
'எதையும் தொடாதே, ஃப்ரேசியா' என்று
விசைப்பலகையின் மேல் மஞ்சள் சீட்டு.
முதலில் சீட்டைத் தொட்டேன்.

கணினிக்குள் ஒரு கைபேசியை உண்டாக்க வேண்டும்.
இறங்க நாற்பது நிமிடம், நிறுவ இருபது.
விறகெல்லாம் ஈரம். வெளியே சும்மா கிடந்த
காய்ந்த கட்டை ஒன்றை எடுத்து வந்து அடுப்பில் திணித்தேன்.
விசிறி இரைந்தது, மேட்டில் ஏறும் லாரியாக.
நினைவகம் போதாது என்றது.
விலைப்பட்டியலை மூடினேன், வரிக்கணக்கை மூடினேன்,
ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன்,
கடைசியாக, மழை தெறித்த நிஜ ஜன்னலையும்.

வந்தது.
அகலத் திரையின் நடுவே ஒல்லியாக ஒரு கைபேசி,
இருபுறமும் கறுப்பு.
மின்கலம் நூறு சதவீதம், எப்போதும் நூறு;
இல்லாதது எப்படித் தீரும்?
என் விரல் இப்போது ஓர் அம்பு.
இரண்டு விரலால் விரிக்கும் மூட்டை
ஒற்றை அம்பால் விரிக்கக் கற்பதற்குள்
ஒரு குடுவை மாத்தே தீர்ந்தது.

ஆனால் என்ன பெரிது!
உள்ளங்கையில் மயிரிழையாக இருந்தவை
இங்கே உத்தரங்கள்.
இழுபடுபவை நீலம், நசுங்குபவை சிவப்பு.
மூன்றாம் மூட்டில், மூன்று வாரமாக என் கண்ணில் படாமல்,
எதையும் தாங்காத ஒரு குறுக்குக் கம்பு
வெள்ளையாகச் சும்மா இருந்தது,
எவரிஸ்தோ மாமா கல்யாண வீட்டில் நிற்பதுபோல.
தூக்கிவிட்டேன். பாலம் கண்டுகொள்ளவில்லை.

பன்னிரண்டு பேரை ஏற்றினேன். பிறகு ஐம்பது.
ஒரு பசு. (செயலியில் பசுவும் இருக்கிறது.)
நின்றது.

கடைசிச் சோதனை, நிலநடுக்கம்:
'கருவியைக் குலுக்கவும்.'

எதைக் குலுக்க?
மேசையைத் தூக்க நாலு ஆள் வேண்டும்.
திரையைப் பிடித்து ஆட்டினேன்,
ஒத்மாரின் பேனாக்கள் உருண்டன.
தேடினால் ஓரப்பட்டியில் அதற்கும் ஒரு பொத்தான்:
குலுக்கு.
இடம் மூன்று, வலம் மூன்று, முடிந்தது.
இந்த ஊரில் பிறந்தவள், சிரித்துவிட்டேன்.
எண்ணிக்கொண்டா வரும் அது?

மூன்றரைக்கு வந்தது.
முதலில் நாய்கள். பிறகு குவளைக்குள் கரண்டி.
பிறகு கிடங்கெங்கும் பலகைகள்
ஒன்றோடொன்று முணுமுணுத்தன.
சிறியவற்றுக்கு நாங்கள் எழுந்திருப்பதில்லை,
பெரிதாகுமா என்று
இருந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டிருப்போம்.
விளக்கு ஆடியது, மேசை ஆடியது, திரை ஆடியது.
திரைக்குள் பாலம் ஆடவில்லை.
பசு நின்ற இடத்தில் நின்றது.
நூறு சதவீதம்.

அடங்கியதும் டார்ச்சோடு வெளியே போனேன்.
ஒரே ஓர் அடுக்கு சரிந்து கிடந்தது.
அதற்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை
யாரோ எடுத்திருக்கிறார்கள்.
யாரோ என்ன.
அடுப்பில் அதன் கங்கு இன்னும் சிவப்பு.

திரும்பி வந்து
குறுக்குக் கம்பை எடுத்த இடத்தில் வைத்தேன்.
பாரம் பூஜ்யம் என்றது செயலி. வெள்ளை.
இருக்கட்டும்.

பிறகு பலகைகளை விடியும்வரை அடுக்கினேன்,
விலைப்பட்டியலைத் திறந்து வைத்தேன்,
சீட்டை ஒட்டினேன்,
கொஞ்சம் கோணலாக.