செவ்வாய்க்கிழமைக் கல்

சனி நள்ளிரவில் கோயில் முற்றத்தில் எல்லாரும் கத்தினோம்,
கிறிஸ்து உயிர்த்தார் என்று.
மெய்யாகவே உயிர்த்தார் என்று.
மெழுகு சொட்டி என் கையுறையில் மறுவாய் உறைந்தது.
திங்களன்று கல்லறை மேடுகளில்
சிவப்பு முட்டைகளை உருட்டினோம்,
இறந்தவர்களுக்கும் ஒரு மிடறு ஒயின் ஊற்றினோம்.
செவ்வாய் காலை
இருபத்திரண்டாவது கிலோமீட்டரில்
மலை சரிந்தது.

ஜார்ஜியாவின் சாலைத்துறை எனக்குக் கொடுத்தவை
ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி,
ஆண்பிள்ளை அளவில் தைத்த மஞ்சள் சட்டை.
புல்டோசர் பெசாரியோனுடையது.
அவன் பேசமாட்டான்,
பதினேழு டன் இரும்பு
அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடும்.
அன்று காலை, போன வருடத்து முட்டையைச்
சாலையோரம் குழி தோண்டிப் புதைத்தான்.
புதியதை, மஞ்சிட்டி வேரில் வெந்து
ஈரல் நிறமாகியிருந்ததை,
தேநீர்க் குவளையில் பஞ்சு வைத்து
ஓட்டுநர் கண்ணாடியடியில் அமர்த்தினான்.
அடுத்த ஈஸ்டர் வரை உடையக் கூடாது.
"இந்தக் குலுக்கலிலா?" என்றேன்.
தோளைக் குலுக்கினான்.

கல்லை நமக்கு யார் புரட்டித் தருவார் என்று
விடியுமுன் நடந்த பெண்கள் கேட்டார்களாம்.
பூசையில் அதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.
எங்கள் அலுவலகத் தொலைபேசியில்
வாரம் நாலு முறை வருகிற கேள்வி.
ஆனால் ஒன்று,
பதில் கிடைத்தபின் அவர்கள் கிளம்பவில்லை.
கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.

ஜூனில் ஆட்டு மந்தை சிக்கியது.
ஆகஸ்டில் ஒரு கல்யாண ஊர்வலம்,
மணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூழாங்கல் பொறுக்கினாள்.
ரியோனி ஆறு கலங்கித் தெளிந்தது,
மறுபடி கலங்கியது.

வாலெரியானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
என் தம்பியின் வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னவன்.
ஏழு வருடமாய் அவன் காருக்குக்
கொடி காட்டுவேன்,
முகம் காட்டமாட்டேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய், இருட்டு விலகாத ஐந்து மணி,
மழையா பனியா என்று தீர்மானிக்காத வானம்.
அடுப்பளவு கற்கள், நடுவே
ஒரு வீட்டளவு கல்.
அதற்கப்பால் முகப்பு விளக்கெரிய அவன் கார்.
பின்னிருக்கையில் அவன் மனைவி சியாலா,
செவ்வாயும் வெள்ளியும்
குத்தாயிசி மருத்துவமனையில்
இரத்தம் சுத்திகரிக்க வேண்டியவள்.

பெசாரியோன் இறங்கி வந்து
முட்டையை என் உள்ளங்கையில் வைத்தான்.
"பெரியதை இடிக்கப் போகிறேன். பிடி."
அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

விளிம்போரம் சரளையில் ஊர்ந்து அந்தப் பக்கம் போனேன்.
விறைத்துப் போயிருந்தேன்.
கார்க் கதவு உள்ளிருந்து திறந்தது.
நாலு மணி நேரம்
மூவரும் ஒரே மூச்சுக்காற்றில்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
வைப்பர் மட்டும் போய்ப்போய் வந்தது.
சியாலா முட்டையை வாங்கிக்
காதருகே குலுக்கினாள்.
ஏப்ரலில் கனத்தது
இப்போது ஓடு மாத்திரம்போல் லேசு.
உள்ளே மஞ்சள்கரு காய்ந்து
சின்னதாய், கெட்டியாய்,
கடகடவென்று உருண்டது.
"கல்" என்றாள். சிரித்தாள்.
உதடு வெடித்திருந்தது.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள்.
பாதிரியாரும் கேட்டார்.
ஒன்பதேகால் மணிக்குப் பச்சைக் கொடி காட்டினேன்,
அதுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவன் காரின் கண்ணாடி
ஒரு விரற்கடை இறங்கியது.
அடுத்த செவ்வாய் இறங்கவில்லை, நல்ல குளிர்.
அதற்கடுத்த செவ்வாய்
இடுக்கு வழியே ஒரு பொட்டலம் நீண்டது,
சூடு ஆறாத பீன்ஸ் ரொட்டி.
பாதியைப் பெசாரியோனுக்குக் கொடுத்தேன்.

பனிக்காலம் இன்னும் நாலு மாதம் இருக்கிறது.
மேலே, பாறையிடுக்கில்,
தண்ணீர் உறைந்து உறைந்து
அடுத்த கல்லை நெம்பிக்கொண்டிருக்கிறது.
முட்டை குவளையில் இருக்கிறது.
வண்டி கிளம்பினால் கேட்கும்.