வடக்கு, ஃபிரிட்ஜ் பக்கம்

சனி இரவு ரேடியோவில் விளையாட்டு வரும்:
ஆறு நிமிடக் கிறீச்சொலி.
கேசட்டில் பிடிக்கவேண்டும்.
அந்நேரம் பார்த்து அம்மா தலை உலர்த்துவாள்,
மோட்டார் இரைச்சல் உள்ளே நுழையும்,
அந்த வாரம் போச்சு.

ஒருமுறை முழுதாய் விழுந்தது.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
நீ குகையில் இருக்கிறாய். இருட்டு.
படம் ஒன்றும் கிடையாது.
ஆனாலும் வுகாஷின்
கால்களை நாற்காலிமேல் இழுத்துக்கொண்டான்.

கதவைத் திற என்றோம். புரியவில்லை என்றது.
தள்ளு. புரியவில்லை.
உதை, இடி, கெஞ்சு.
கடைசியில் அவன் அடித்த கெட்ட வார்த்தை மட்டும்
அதற்குப் புரிந்தது:
வாயைக் கழுவிவிட்டு வா.

அவன் அப்பா சர்க்கரை ஆலையிலிருந்து கொண்டுவரும்
எடைச்சீட்டுகளின் முதுகில் வரைபடம்.
ஒட்டி ஒட்டிச் சமையலறைத் தரை நிறைந்தது.
வடக்கு எப்போதும் ஃபிரிட்ஜ் பக்கம்.
மேசைக்கடியில் போன ஏழு அறைகளை
வயிற்றால் ஊர்ந்துதான் படிக்கவேண்டும்.

தொண்ணூற்றொன்றில், ஓஸியெக்கில்
யார் எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கிய கோடையில்
ஒரு வெள்ளிக்கிழமை
அவர்கள் வீட்டு ஷட்டர்கள் திறக்கவில்லை.
கேசட் என்னிடம்.
வரைபடம் அவனோடு ஆற்றைத் தாண்டியதா,
தெரியாது.

நவம்பரில் நாங்கள் நிலவறையில்.
மேலே ஏதோ விழுந்தது, பல்பு போனது.
தங்கை யாசென்கா என் காதருகே சொன்னாள்:
விளக்கை எடு.
உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த
மூன்றாம் மாடி ஷ்டெஃபிட்ஸா
என்ன, புரியவில்லை என்றாள்.

சிரித்தோம்,
அடக்கமுடியாமல், மூக்கு ஒழுக,
அம்மா தொடையில் கிள்ளும்வரை.