நின்றால் விழுகிறது

பாயா தெருபோங் மேட்டில்
விளக்கு சிவப்பானால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.
பின்னால் ஒரு சிமெண்டு லாரி,
அதன் முகம் என் கண்ணாடி முழுக்க.
பச்சை விழுந்ததும் ஒன்றாம் கியரைத் தேடுவேன்.
கர்ரென்று ஒரு சத்தம்.
பல்லைக் கடிப்பது நானா வண்டியா, தெரியாது.

பழைய கஞ்சில், வெள்ளை.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
எனக்கு அடுத்த மேசையில் சிப்பு சோதிக்கும்
சியூ லிங் விற்றது.
ஏழு மாத ஓவர்டைம்.
கிராண்டில் என் பெயர்
ஓர் எழுத்துப் பிழையோடு இருக்கிறது, பரவாயில்லை.

வாங்கி இரண்டு மாதம் ஒழுங்காய் ஓடியது.
பிறகு மூன்று வாரம் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள்.
தம்பி குணசீலன்:
கியர்பாக்ஸ் போச்சு,
ஆட்டோ வாங்குன்னேனே, கேட்டியா?
மேல்மாடி தர்மராசு:
கிளச் தட்டு தேஞ்சிருக்கும்,
முந்நூறு வெள்ளி, கூலி தனி.
சியூ லிங் மட்டும் தரையைப் பார்த்தபடி
என்னிடம் இருந்தவரை நன்றாக இருந்தது என்றாள்.
அதுதான் உள்ளே போய்த் தைத்தது.

இரவு ஷிஃப்ட் முடிந்து
சந்தைக் கடைகள் திறக்குமுன்
காலி கார் நிறுத்தத்தில் பழகினேன்.
இடது காலே, முழுசாய் மிதி.
இடது காலே, மெல்ல விடு.
முட்டாள் காலே.
மீன் பெட்டி இறக்குகிறவர்கள்
வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஜெலுத்தோங் பட்டறையில் ஹஃபிசுல்
என்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
எஞ்சினை அணைத்தான்.
ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ்,
பணியாரக் குழியில் மாவு விழுவதுபோல்
எல்லாம் விழுந்தது.
எஞ்சினைப் போட்டான். கர்ர்.
மறுபடி அணைத்தான், விழுந்தது.
நின்றால் விழுகிறது, ஓடினால் மறுக்கிறது,
அப்படியானால் கியர்பாக்ஸில் குற்றமில்லை,
கிளச்தான் முழுசாய் விடவில்லை.
மலாயில் சொன்னான்: தாக் லெப்பாஸ் ஹாபிஸ்.
நான் வேலை செய்யும் ஊரின் பாதிப் பெயர்
அதற்குள் இருந்தது.

கைப்பையில் முந்நூறு, மடித்துத் தயாராய்.
பானெட்டைத் திறந்து கேபிளை இழுத்துப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு மண்டியிட்டு
என் கால்கள் வாழும் இடத்தில் தலையை நுழைத்து
ஏதோ ஒன்றைப் பிடித்து இழுத்தான்.

கால்மிதி.
கதவு ரப்பர் ஒழுகி, மழையில் செருப்பு நனைகிறதென்று
பழையதன்மேல் நானே விரித்த இரண்டாவது.
அதன் மூலை சுருண்டு பெடலுக்கு அடியில் போயிருக்கிறது.
இரண்டு விரல் கனம்.
மூன்று வாரமாய்
தரை வரை மிதித்ததாக என் கால் நம்பியிருக்கிறது.
தரை இன்னும் இரண்டு விரல் கீழே இருந்திருக்கிறது.

காசு வேண்டாமென்றான். நான் விடவில்லை.
மிதிக்கு அடியில் கிடந்த இருபது காசை எடுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
அடுத்த மோட்டாரிடம் போய்விட்டான்.

திரும்பும் வழியில் அதே மேடு, அதே சிவப்பு,
அதே லாரியாகக்கூட இருக்கலாம்.
ஒன்றாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.
சந்தோஷம் வருமென்று காத்திருந்தேன்.
கோபம்தான் வந்தது.
இந்தக் காலைத் திட்டிய திட்டையெல்லாம்
இனி எந்தக் கணக்கில் எழுதுவது?

இரவு குணசீலன் அழைத்தான்.
சரியாயிடுச்சா?
ஆச்சு.
எவ்வளவு?
சும்மா சரியான எதையும் அவன் நம்பமாட்டான்.
முந்நூறு, என்றேன்.
பார்த்தியா, நான்தான் சொன்னேனே.
ஆமாம், என்றேன்.

பன்னிரண்டாம் மாடிக் கம்பியில்
கால்மிதி சொட்டிக்கொண்டிருந்தது,
கீழ்வீட்டுத் துணிமேல்.
எழுந்து போய்த் திருப்பிப் போட்டேன்.